தமிழ்நாட்டில் நேபாள இளைஞர்கள்

நேபாள இளைஞர்கள் வேலைக்காகவும் படிப்புக்காகவும் நாட்டைவிட்டு வெளியேறுவது அந்நாட்டின் இன்றைய வாழ்க்கையைத் தீர்மானிக்கும் முதன்மையான சமூக நிகழ்வாகும். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நேபாளத்தின் மக்கள்தொகை சுமார் 2 கோடியே 91 இலட்சம். வீட்டார் "வெளிநாட்டில் இருக்கிறார்" என்று கணக்கெடுப்பாளரிடம் சொன்னவர்கள் மட்டும் சுமார் 21.9 இலட்சம் பேர். அவர்களில் ஐந்தில் நால்வர் ஆண்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அந்நாட்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குச் சமமாக இருக்கிறது.

இவர்களில் வசதி கொஞ்சம் உள்ளவர்கள் மலேசியா, கத்தார், சவூதி அரேபியா, கொரியா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று விமானம் ஏறுகிறார்கள். விமானச் செலவுக்குக் கடன் வாங்கவும் வழியில்லாதவர்கள் பேருந்தும் ரயிலும் ஏறி இந்தியாவுக்கு வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் சிலரைத் திண்டுக்கல் நகரத்திலும் சுற்றுவட்டார ஊர்களிலும் நாம் தினமும் பார்க்கிறோம். இரவுக் காவலர், உணவகச் சமையலாளர், மோமோ விற்பவர், விடுதிப் பணியாளர், நூற்பாலைத் தொழிலாளி என்று அவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுடைய அன்றாடக் கவலைகளைப் பற்றியது.

கூர்க்கா என்னும் சொல்

தமிழில் "கூர்க்கா" என்றால் இரவில் தடியைத் தட்டிக்கொண்டு விசில் ஊதி வருபவர் என்று பொருளாகிவிட்டது. உண்மையில் கோர்க்கா என்பது நேபாள மலைப்பகுதியில் இருந்த ஒரு சிற்றரசின் பெயர். அதன் மன்னர் பிரித்வி நாராயண் ஷா 1768-69இல் காத்மாண்டு பள்ளத்தாக்கைக் கைப்பற்றி இன்றைய நேபாளத்துக்கு அடித்தளம் இட்டார். 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனியுடன் நடந்த போரின்போதே, 1815இல், கம்பெனி அம்மக்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. 1947இல் இந்தியா, பிரித்தானியா, நேபாளம் மூன்றும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பத்து கூர்க்கா படைப்பிரிவுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரித்தானியாவுக்கும் பிரிந்தன.

பிழைப்புக்காக வெளிநாடு போகிறவரை நேபாளத்தில் "லாஹூரே" என்பார்கள். மகாராஜா ரஞ்சித் சிங்கின் படையில் சேர லாகூருக்குப் போனவர்களால் வந்த பெயர் அது. இந்தியாவுக்குப் பழைய வழக்கில் "முக்லான்", அதாவது முகலாயர் நாடு என்று பெயர். மேற்கு மலை மாவட்டங்களில் இந்தியாவுக்கு வேலைக்குப் போவதைக் "காலாபஹாட்" போவது என்கிறார்கள். கருப்பு மலை என்று பொருள். நம் முன்னோர் கண்டிச்சீமைக்கும் ரங்கூனுக்கும் போன காலத்தில் அந்த ஊர்ப் பெயர்களே ஒரு பயத்தையும் ஆசையையும் சேர்த்துக் குறித்ததை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். நேபாளி பேசும் எல்லாரும் நேபாள நாட்டினர் அல்லர். டார்ஜிலிங், சிக்கிம், அசாம் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் நேபாளி மொழியினர் இந்தியக் குடிமக்கள். அவர்களுடைய மொழி 1992இல் அரசமைப்புச் சட்டத்தின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. மணிப்பூர், மிசோரம் மாணவர்களையும் நம் கடைத்தெருவில் "நேபாளி" என்று கூப்பிடுகிறோம். மறுபுறம், நேபாளத்தின் சமவெளியான தராய் பகுதியிலிருந்து வருகிற மதேசி, தாரு இளைஞர்களைப் பீகார்க்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். முகத்தை வைத்து நாட்டைச் சொல்லும் நம் வழக்கம் இரண்டு பக்கமும் தவறிப்போகிறது. "பகதூர்" என்று எல்லாரையும் அழைப்பதும் அப்படித்தான். வீரன் என்று பொருள்படும் அந்தச் சொல் பலருடைய பெயரின் நடுவில் வரும். அதற்கு முன்னால் அவரவர் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைக் கேட்டு அழைத்தால் அந்த முகத்தில் வரும் மாற்றத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஊரில் என்ன குறை?

2022-23இல் எடுக்கப்பட்ட நேபாள வாழ்க்கைத்தர ஆய்வின்படி 15 முதல் 24 வயதுக்குட்பட்டவர்களில் வேலையின்மை 22.7 விழுக்காடு. பத்தாம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுத்தேர்வுக்கு முன்பு எஸ்.எல்.சி. என்று பெயர், அதை "இரும்புக் கதவு" என்று அங்கே சொல்வார்கள். இப்போது அது எஸ்.இ.இ. என்று மாறி, மதிப்பெண்ணுக்குப் பதில் தரநிலை வந்திருக்கிறது. கதவு கொஞ்சம் இளகியது. கதவுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டத்துக்காகக் கொரிய மொழித் தேர்வு எழுதப் பல்லாயிரம் பேர் வரிசையில் நிற்பது ஆண்டுதோறும் காணும் காட்சி.

மலைக்கிராமங்களில் விவசாயம் ஒரு பருவத்துக்குச் சோறு போடும். மற்றப் பருவத்துக்குக் காசு வேண்டும். இளைஞர்கள் போய்விட்டதால் நிலம் தரிசாகிறது. தரிசானதும் காடு நெருங்கி வந்து, குரங்குக் கூட்டம் மக்காச்சோளத்தைப் பிடுங்குகிறது. சிறுமலை அடிவாரத்துக்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

கடனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வளைகுடாவுக்குப் போக முகவருக்குக் கொடுக்கும் பணத்தை ஊர்க் கடன்காரரிடம் வாங்குவார்கள். ஆட்டோ மீட்டர் ஓடுவதுபோல் வட்டி ஏறும் கடனுக்கு நேபாளத்தில் "மீட்டர் ப்யாஜ்" என்று பெயர். ப்யாஜ் என்றால் வட்டி. நம் ஊர் மீட்டர் வட்டியேதான், சொல்கூட மாறவில்லை. 2023இல் இப்படிக் கடனில் நிலத்தை இழந்தவர்கள் தராய் பகுதியிலிருந்து காத்மாண்டுவரை நடந்தே போய்ப் போராடினார்கள். அதே ஆண்டு அவ்வகைக் கடனைக் குற்றமாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. வெளிநாடு போகும் தொழிலாளியின் விசாவையும் விமானச் சீட்டையும் முதலாளியே ஏற்க வேண்டும் என்ற விதி 2015 முதல் சில நாடுகளுக்கு உண்டு. காகிதத்தில் இருப்பதும் முகவர் கேட்பதும் வேறு வேறு.

பெண்களுக்கு இன்னொரு கதவும் சாத்தப்பட்டிருக்கிறது. வளைகுடா நாடுகளில் வீட்டுவேலைக்குப் பெண்கள் போவதை நேபாளம் 2017இல் தடுத்தது. பாதுகாப்பு கருதிச் செய்த தடைதான். ஆனால் போக வேண்டிய தேவை குறையவில்லை. ஆகவே திறந்த எல்லையைத் தாண்டி இந்தியா வழியாக, பதிவேதும் இல்லாமல் போகிறார்கள். கடத்தல்காரர்களுக்கு இது வசதி. அனுராதா கொய்ராலா 1993இல் தொடங்கிய மைதி நேபாள் அமைப்பு எல்லைச் சாவடிகளில் நின்று, தனியே வரும் பெண்களிடம் பேச்சுக்கொடுத்து விசாரிப்பது இதனால்தான்.

படையில் சேரும் வழியும் அடைபட்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நேபாள இளைஞர்களை இந்தியப் படை எடுத்துவந்தது. 2022 சூன் மாதம் இந்தியா அக்னிபத் திட்டத்தை அறிவித்தது. நான்காண்டுப் பணி, அதன்பின் நான்கில் ஒருவருக்கே நிலையான வேலை என்ற முறை 1947 ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது என்று நேபாளம் கருதியதால் ஆள்சேர்ப்பு நின்றுபோனது. விடியற்காலையில் மூங்கில் கூடையில் மணல் சுமந்து மலையேறிப் பயிற்சி எடுத்த பையன்கள் அந்த ஆண்டு வேறு ஊருக்குச் சீட்டு எடுத்தார்கள்.

திறந்த எல்லை

1950 சூலை 31 அன்று காத்மாண்டில் கையெழுத்தான இந்திய-நேபாள சமாதான நட்புறவு உடன்படிக்கைதான் இந்த வருகைக்கெல்லாம் சட்ட அடிப்படை. அதன் ஏழாம் பிரிவு ஒரு நாட்டினர் மற்ற நாட்டில் தங்கவும், சொத்து வாங்கவும், தொழில் செய்யவும், நடமாடவும் சம உரிமை தருகிறது. சுமார் 1,750 கி.மீ. நீள எல்லையைக் கடக்க இருநாட்டவருக்கும் விசா வேண்டாம். தரைவழியாக வர கடவுச்சீட்டும் வேண்டாம்.

இது பெரிய சலுகை. இதன் மறுபக்கம் கவனிக்கப்படுவதில்லை. மற்ற நாடுகளுக்குப் போகும் நேபாளத் தொழிலாளி, 2007ஆம் ஆண்டின் வெளிநாட்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி தொழில் அனுமதி பெற்று, நல நிதிக்குப் பணம் கட்டிவிட்டுப் போகிறார். அங்கே அவர் இறந்தாலோ உறுப்பிழந்தாலோ குடும்பத்துக்கு அந்த நிதியிலிருந்து உதவி கிடைக்கும். இந்தியாவுக்கு வருபவருக்குத் தொழில் அனுமதி தேவையில்லை. அனுமதி இல்லாததால் பதிவும் இல்லை, நிதியும் இல்லை. இங்கே நம் பக்கமும் அப்படித்தான். 2025 வரை நடைமுறையில் இருந்த மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், 1979 ஒரு மாநிலத்தில் ஒப்பந்தக்காரர் திரட்டி மற்றொரு மாநிலத்துக்கு அனுப்பும் தொழிலாளரைப் பற்றியதாக இருந்தது. நேபாளத்திலிருந்து தானாக வந்து சேர்ந்தவர் அதற்குள் வரவில்லை. இரண்டு நாட்டு ஏடுகளிலும் எழுதப்படாதவராக அவர் நம் தெருவில் நிற்கிறார்.

இதன் விலை என்ன என்பதை நான் ஒருமுறை நேரில் பார்த்தேன். எங்கள் பகுதியில் ஓர் உணவகத்தில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து, இருபது வயதுகூட நிரம்பாத பையனுக்குக் காலெல்லாம் வெந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் நாட்டைக் கேட்காமல் சிகிச்சை கொடுத்தார்கள். ஆனால் வேலை கொடுத்தவர், "இவன் என் ஆளே இல்லை, நேற்றுத்தான் வந்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டு ஆண்டுகளாக அந்தப் பையன் கையால் நாங்கள் பரோட்டா வாங்கித் தின்றிருக்கிறோம். அதற்குச் சாட்சி சொல்லத் தெருவில் நான்கைந்து பேர் இருந்தார்கள், எழுத்தில் ஒன்றுமில்லை. கூடத் தங்கியிருந்த பையன்கள் காசு திரட்டி அவனை ஊருக்கு அனுப்பினார்கள்.

அப்போது எனக்குத் தெரியாமல், பின்னர் கேட்டறிந்தது: 2025 வரை நடைமுறையில் இருந்த பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆகியவை தொழிலாளியின் நாட்டைக் கேட்டவை அல்ல. வருங்கால வைப்புநிதி விதிகளிலும், 1950 உடன்படிக்கையை ஒட்டி, நேபாளத்தவர் இந்தியத் தொழிலாளரைப் போலவே நடத்தப்படுகிறார். அதாவது உரிமை இருக்கிறது. வேலை செய்தார் என்று காட்ட வருகைப்பதிவு, கூலிச்சீட்டு, வங்கிவழிச் சம்பளம் இவற்றில் ஏதாவது ஒன்று வேண்டும். அந்த ஒரு துண்டுக் காகிதம் இல்லாததுதான் பையனின் காலைவிடப் பெரிய காயம்.

காகிதங்கள்

நேபாள இளைஞரின் முதல் அடையாளம் "நாகரிக்தா" எனப்படும் குடியுரிமைச் சான்றிதழ். 16 வயது நிறைந்ததும் சொந்த மாவட்டத்தில் விண்ணப்பித்துப் பெற வேண்டும். அதற்குள்ளாகவே ஊரைவிட்டு வந்துவிட்ட பையன் அதற்காகவே திரும்பிப் போக வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளையாக இருந்தால் தந்தையின் சான்று, பிறப்புப் பதிவு என்று அலைச்சல் கூடும்.

அந்தச் சான்றிதழில் உள்ள தேதி விக்ரம் சம்வத் ஆண்டில் இருக்கும். அது நாம் எழுதும் ஆண்டைவிட ஏறத்தாழ 57 கூடுதல். நான் பணியில் இருந்தபோது ஒரு காவலாளி தம் மகனைச் சேர்க்க வந்தார். பிறப்புச் சான்றில் 2065 என்று இருந்தது. "இவன் பிறக்கவே இன்னும் ஐம்பது வருசம் இருக்கே அண்ணே" என்று எழுத்தர் சிரித்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அதைக் கி.பி. 2008 என்று மாற்றி எழுதும்போது மாதமும் நாளும் சரியாக வர வேண்டும். இங்கே ஒரு தேதியும் அங்கே ஒரு தேதியும் பதிவாகிவிட்டால் பத்தாண்டு கழித்துக் கடவுச்சீட்டு எடுக்கும்போது பிள்ளை மாட்டிக்கொள்வான். (நேபாளப் புத்தாண்டான வைசாக முதல் நாள் நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும். ஆகவே தமிழ் நாட்காட்டி வைத்திருப்பவர் மாதத்தையாவது எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.)

ஆதார் அட்டை பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. 182 நாட்களுக்கு மேல் இந்தியாவில் தங்கியவர் என்ற முறையில் நேபாளத்தவரும் உரிய ஆவணங்களைக் காட்டி ஆதார் பெறலாம். அது குடியுரிமைச் சான்று ஆகாது. இதை அறியாமல் சிலர் இடைத்தரகரிடம் காசு கொடுத்துப் பொய் முகவரியில் அட்டை வாங்கிச் சிக்கலில் விழுகிறார்கள். அட்டை இல்லாதவருக்கு சிம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. நண்பர் கணக்கில் சம்பளம் வாங்கி, அவர் மனம்போல் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

வேலையும் பணமும்

திண்டுக்கல்லில் பூட்டு, தோல், பிரியாணி என்று பழைய தொழில்களும், வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலைகளும் இருக்கின்றன. ஆலைகளில் வடமாநிலத் தொழிலாளர்களோடு சேர்ந்து நேபாளத்தவரும் வேலை பார்க்கிறார்கள். உணவகங்களில் நூடுல்ஸ், பிரைடு ரைஸ் போடும் "சைனீஸ் மாஸ்டர்" பல இடங்களில் நேபாளத்துக்காரராகவே இருப்பார். கொடைக்கானல் விடுதிகளில் குளிர் தெரியாத ஆட்கள் என்று இவர்களை விரும்பி எடுப்பார்கள்.

இரவுக் காவல் தனி உலகம். எங்கள் தெருவில் வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் வாங்கிய காலம் போய் இப்போது 50 ரூபாய். ஊருக்குப் போகும் காவலர் தம் தெருக்களை அண்ணன் மகனிடமோ ஊர்க்காரரிடமோ ஒப்படைத்துவிட்டுப் போவார். அது ஏறக்குறைய சொத்துரிமை. கண்காணிப்புக் கருவிகள் வந்தபின் பல வீடுகள் காசு கொடுப்பதை நிறுத்திவிட்டன. அடுக்குமாடிகளுக்குக் காவல் நிறுவனங்கள் ஆள் அனுப்புகின்றன. அதற்குக் காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்பு வேண்டும். அதற்கும் காகிதம் வேண்டும். தந்தை பார்த்த வேலை மகனுக்கு இல்லை.

பணம் அனுப்புவதில் ஒரு நல்ல செய்தி உண்டு. இந்திய ரூபாய் 100க்கு நேபாள ரூபாய் 160 என்ற மாற்றுவிகிதம் 1993 முதல் மாறவில்லை. ஆகவே கணக்குத் தெரிந்த பையனை யாரும் ஏமாற்ற முடியாது. ரிசர்வ் வங்கி 2008இல் தொடங்கிய இந்திய-நேபாளப் பணப்பரிமாற்ற வசதியின் மூலம், இங்கே கணக்கு இல்லாதவர்கூட வங்கிக் கிளையில் ரொக்கம் கட்டி ஒரு தடவைக்கு 50,000 ரூபாய்வரை அனுப்பலாம். கிளையில் இருப்பவருக்கே இது தெரியாமல் போவதுண்டு. அப்படித் தெரியாதபோது ஊருக்குப் போகும் ஆளிடம் கட்டாகக் கொடுத்தனுப்புகிறார்கள். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவை ஆனபோது, நேபாள மலைவீடுகளில் அரிசிப் பானைக்குள் இருந்த இந்தியத் தாள்கள் மாற்ற வழியின்றி அப்படியே நின்றுவிட்டன.

பிள்ளைகள்

குடும்பத்தோடு தங்கியவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்கும் சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். நேபாளி தேவநாகரியில் எழுதப்படும் மொழி. அதில் க, க₂, க₃, க₄ என்ற வகை வேறுபாட்டுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. நம் ஒரே "க" இடத்துக்கேற்ப ஒலி மாறுவது அவர்களுக்கு முதலில் விளங்காது. ழகரமோ நம் பிள்ளைகளுக்கே வராதது. ஆனாலும் ஆறு மாதத்தில் பேசிவிடுவார்கள். என் வகுப்பில் ஒரு சிறுமி ஒப்புவித்தல் போட்டியில் பரிசு வாங்கினாள். வீட்டில் அவளுடைய அம்மாவுக்கு அது என்ன பரிசு என்று விளக்க அவளே மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. எட்டாம் வகுப்பு முடிந்ததும் அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே நேபாளியில் பத்தாம் வகுப்பு எழுத வேண்டும். அவளுக்கோ எழுத வந்தது தமிழ்தான்.

2025 செப்டம்பர்

2025 செப்டம்பர் 4 அன்று நேபாள அரசு 26 சமூக ஊடகத் தளங்களைத் தடைசெய்தது. வெளியிலிருந்து பார்த்தவர்கள் கைப்பேசி விளையாட்டுக்காகப் பிள்ளைகள் தெருவுக்கு வந்ததாக நினைத்தார்கள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் தேசத்தில் வாட்ஸ்அப்பும் மெசஞ்சரும்தான் தந்தையின் குரல். அதோடு, தலைவர்களின் பிள்ளைகள் ஆடம்பரமாக வாழும் படங்கள் பரவி, வேலையில்லாத பிள்ளைகளின் கோபத்தைக் கிளறியிருந்தன. செப்டம்பர் 8 அன்று நடந்த போராட்டத்தில் 19 பேர் கொல்லப்பட்டனர். அடுத்த நாள் நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரையானது, பிரதமர் கே. பி. சர்மா ஒலி பதவி விலகினார். மொத்த உயிரிழப்பு எழுபதைத் தாண்டியது. செப்டம்பர் 12 அன்று முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமராகப் பதவியேற்றார். அந்நாட்டில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.

அந்த வாரம் எங்கள் பேருந்து நிலையம் பக்கத்து மோமோ கடையில் அடுப்பு எரிந்தது, கை வேலை செய்தது, கண் மட்டும் கைப்பேசியில் இருந்தது. "தம்பி காலேஜ் போனான், போன் எடுக்கல சார்" என்றார் கடைக்காரப் பையன். மறுநாள் மாலை எடுத்துவிட்டான்.

ஊருக்குப் போவது

நேபாளத்தின் பெரிய பண்டிகை தசைன். நம் நவராத்திரி நாட்களில்தான் அதுவும். முதல் நாள் இருட்டறையில் பார்லி விதைத்து முளைக்க வைப்பார்கள். அந்த வெளிர்மஞ்சள் நாற்றுக்கு "ஜமரா" என்று பெயர், நம் முளைப்பாரியேதான். விசயதசமியன்று பெரியவர்கள் தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்து நெற்றியில் இட்டு, ஜமராவைக் காதோரம் செருகி வாழ்த்துவார்கள். அடுத்து வரும் திகாரில் உடன்பிறந்தாளின் கையால் திலகம் வாங்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றுக்காவது வீட்டில் இல்லாவிட்டால் அந்த ஆண்டு கணக்கில் சேராது என்பார்கள்.

திண்டுக்கல்லில் இருந்து போக நான்கைந்து நாட்கள் ஆகும். ஈரோடு அல்லது சேலம் போய், கேரளத்திலிருந்து கோரக்பூர் போகும் ரப்திசாகர் விரைவு வண்டியைப் பிடிப்பது ஒரு வழி. ரப்தி, நேபாள மலையில் பிறந்து கோரக்பூர் வழியே ஓடும் ஆறு. அங்கிருந்து சுமார் 100 கி.மீ. பேருந்தில் சுனௌலி எல்லை. தூரமேற்கு மாவட்டத்தார் தில்லி போய் பன்பசா வழியாக நுழைவார்கள். எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைக் கால்மணி நேரம் முன்னே தள்ளிவைக்க வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தசைன் சீட்டுக்கு ஆடி மாதத்திலேயே யாராவது ஒரு பையன் என் வீட்டுக் கதவைத் தட்டி, "சார், டிக்கெட் போட்டுக் கொடுங்க" என்று கைப்பேசியை நீட்டுவான்.